மாஸ் கேபாசிட்டர்: பாசிட்டிவ் பக்கம் கேபாசிட்டன்ஸ் ஏன் திரும்ப ஏறவில்லை? எலக்ட்ரான் எங்கிருந்துதான் வருகிறது?

தூண்டில்:
வணக்கம். மாஸ் (உலோகம்-ஆக்சைடு-குறைகடத்தி) கேபாசிட்டரின் சி-வி (கேபாசிட்டன்ஸ்-வோல்டேஜ்) அளவீட்டுக்கு நான் புதிது. கையில் இருப்பது பி-டைப் சிலிக்கான், போரான் அடர்த்தி கன செ.மீ.க்கு 10¹⁶. அதன்மேல் 10 நானோமீட்டர் உலர் ஆக்சைடு, அதற்கும் மேல் அலுமினியப் புள்ளி, அதுதான் கேட். புள்ளியின் பரப்பு 0.001 ச.செ.மீ. கேட்டுக்கு −3 வோல்ட்டில் ஆரம்பித்து +4 வோல்ட் வரை டிசி ஏற்றிக்கொண்டே போய், கூடவே 1 மெகாஹெர்ட்ஸில் சின்ன ஏசி சிக்னல் போட்டு அளந்தேன்.

நெகட்டிவ் பக்கம் 290 பிகோஃபாரட்டில் தட்டையாக நிற்கிறது. −1 வோல்ட் வாக்கில் சரியத் தொடங்கி, 0 பக்கத்தில் 31-க்கு வந்துவிடுகிறது. பாடப்புத்தகப் படத்தில் இதற்குப் பிறகு வளைவு மறுபடி மேலே ஏறும். எனக்கு 31-லேயே படுத்துக்கொண்டது. ஸ்வீப்பை வேகமாக ஓட்டினால் இன்னும் மோசம், 13 வரைக்கும் இறங்குகிறது. +4-இல் நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தால் எண் மெதுவாக ஏறி, ஒரு நிமிடம் போல எடுத்துக்கொண்டு 31-இல் வந்து நிற்கிறது. மைக்ராஸ்கோப் விளக்கு எரிந்தால் இந்தக் கூத்து எதுவும் கிடையாது.

சாதனம் கெட்டுவிட்டதா, அளக்கும் விதம் தப்பா?

ஓம்விதி:
இரண்டும் இல்லை. இன்வர்ஷனில் (பரப்பில் எலக்ட்ரான் திரண்ட நிலையில்) இருக்கும் மைனாரிட்டி கேரியர், அதாவது பி-டைப்பில் எலக்ட்ரான், 1 மெகாஹெர்ட்ஸுக்கு ஈடுகொடுக்காது. புத்தகத்தில் போட்டிருப்பது லோ-ஃப்ரீக்வென்சி வளைவு. முடிந்தது கதை.

தூண்டில்:
//முடிந்தது கதை//
எனக்கு இங்கேதான் ஆரம்பிக்கிறது சார். ஈடுகொடுக்காது என்றால், டிசி வைக்கும்போது மட்டும் எப்படி வருகிறது? ஆக்சைடு வழியாகக் கரன்ட் போகாது. பி-டைப்பில் எலக்ட்ரான் இல்லை என்றே சொல்லிவிடலாம். "கேட்டில் பாசிட்டிவ் கொடுத்தால் எலக்ட்ரான்கள் பரப்பில் திரளும்" என்று எல்லாரும் ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். திரளட்டும், எங்கிருந்து? அடியில் இருக்கும் காண்டாக்டிலிருந்து ஏறி வருகிறதா?

பழைய உலை:
அடிக் காண்டாக்டிலிருந்து வரவில்லை. அந்த வழியாகத் துளைகள்தான் (எலக்ட்ரான் இல்லாத காலியிடங்கள், பாசிட்டிவ் மின்னூட்டம்போல நகர்பவை) வெளியே போகின்றன. உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம்.

கேட்டில் எவ்வளவு பாசிட்டிவ் மின்னூட்டம் ஏறுகிறதோ, அதே அளவு நெகட்டிவ் மின்னூட்டம் சிலிக்கானில் இருந்தாக வேண்டும் (ஆக்சைடுக்குள் இருக்கும் மின்னூட்டத்தை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்). அதைக் கொடுக்க சிலிக்கானிடம் இரண்டு வழி உண்டு. ஒன்று, பரப்பிலிருந்து துளைகளைத் தள்ளிவிடுவது. துளை போன இடத்தில் போரான் அயனி நெகட்டிவாக, அசையாமல் நிற்கும். இதுதான் டிப்ளீஷன். இரண்டாவது, பரப்பில் எலக்ட்ரான்களைச் சேர்ப்பது. இது இன்வர்ஷன்.

முதல் வழிக்கு நேரமே ஆகாது. துளைகள்தான் இங்கே மெஜாரிட்டி, ஏராளமாக இருக்கின்றன. உங்கள் டோப்பிங்குக்குத் தடைத்திறன் சுமார் 1.5 ஓம்-செ.மீ. அதை சிலிக்கானின் பெர்மிட்டிவிட்டியோடு பெருக்கினால் 1.5 பிகோ விநாடி. துளைகள் விலகவோ திரும்பி வரவோ அவ்வளவு போதும். நெகட்டிவ் பக்கம் அக்யுமுலேஷன், அதாவது துளைகள் பரப்பில் திரள்வது, 1 மெகாஹெர்ட்ஸிலும் ஒழுங்காக நடப்பது இதனால்தான்.

இரண்டாவது வழிக்கு வருவோம். பல்க்கில் (பரப்பைவிட்டு உள்ளே இருக்கும் சிலிக்கானில்) எலக்ட்ரான் அடர்த்தி கன செ.மீ.க்கு சுமார் 10⁴. உங்கள் புள்ளிக்கு அடியில் 0.3 மைக்ரான் ஆழத்தில் அடங்கும் கன அளவைப் பெருக்கிப் பாருங்கள், சராசரியாக ஒரு எலக்ட்ரான்கூடத் தேறாது. ஆனால் +4 வோல்ட்டில் இன்வர்ஷன் படலம் முழுதாக நிரம்ப அதே புள்ளிக்கு சுமார் 900 கோடி எலக்ட்ரான் வேண்டும்.

அவ்வளவும் அங்கேயே பிறக்கின்றன. டிப்ளீஷன் பகுதியில் இருக்கும் குறைபாடுகள், மாசு அணுக்கள் வழியாக வெப்பத்தால் எலக்ட்ரான்-துளை ஜோடி உருவாகிறது. மின்புலம் ஜோடியைப் பிரித்துவிடுகிறது. எலக்ட்ரான் பரப்புக்கு, துளை பல்க்குக்கு. அந்தத் துளைதான் கடைசியில் அடிக் காண்டாக்ட் வழியாக வெளியேறி, வெளிச்சுற்றில் கரன்டாகத் தெரிகிறது. ஆக்சைடை எதுவுமே கடப்பதில்லை.

ஜோடி பிறக்கும் வேகம் உங்கள் வேஃபரின் தரத்தைப் பொறுத்தது. நீங்கள் சொன்ன ஒரு நிமிடத்தை வைத்துப் பார்த்தால் விநாடிக்கு 15 கோடி எலக்ட்ரான். அப்படியென்றால் ஜெனரேஷன் லைஃப்டைம் (ஜோடி பிறக்கும் வேகத்தைக் குறிக்கும் கால அளவு) சில மைக்ரோ விநாடி. நல்ல சிலிக்கானில் இதைவிட நிறைய வரும், மோசமான உலையில் போட்டால் குறையும்.

ஆக ஒரு பக்கம் 1.5 பிகோ விநாடி, இன்னொரு பக்கம் ஒரு நிமிடம். நடுவில் 10¹³ மடங்குக்கும் மேல். உங்கள் வளைவு எந்த வடிவத்தில் வரும் என்பது, இந்த இரண்டுக்கும் நடுவில் நீங்கள் எவ்வளவு அவசரமாகக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

குறும்பன்:
மைக்ரோ விநாடி லைஃப்டைம் உள்ள பொருள் எப்படி ஒரு நிமிடம் இழுக்கிறது? அரசாங்க ஆபீஸ் ஃபைல் மாதிரி இருக்கிறதே.

பழைய உலை:
அது எல்லாருக்கும் வரும் குழப்பம். லைஃப்டைம் ஒரு மைக்ரோ விநாடி என்றால் அதற்குள் படலம் நிரம்பிவிடும் என்று அர்த்தமில்லை. அந்த நேரத்தில் கன செ.மீ.க்கு இன்ட்ரின்சிக் (டோப் செய்யாத சிலிக்கானின்) அடர்த்தியளவு, அதாவது 10¹⁰ ஜோடிதான் பிறக்கும். ஈடுகட்ட வேண்டிய போரானோ 10¹⁶. இந்த 10⁶ மடங்கு, அதன்மேல் இன்னும் ஒரு பத்து மடங்கு என்று போட்டால் நிரம்பும் நேரம் தோராயமாக வந்துவிடும். 10⁷ × சில மைக்ரோ விநாடி. நிமிடக் கணக்குதான்.

தூண்டில்:
இப்போது எங்கிருந்து என்பது புரிகிறது. இன்னொன்று இடிக்கிறது. ஒரு நிமிடம் காத்திருந்த பிறகு 900 கோடி எலக்ட்ரானும் பரப்பில் வந்து உட்கார்ந்துவிட்டன. பிறகும் 1 மெகாஹெர்ட்ஸில் 31 பிகோஃபாரட்தானே காட்டுகிறது? பரப்பிலேயே மின்னூட்டம் இருந்தால் ஆக்சைடு மட்டும்தானே தடுப்பு, அதன் தடிமனுக்குக் கணக்குப்படி 345 வரவேண்டாமா?

முடிவிலி:
அளவி காட்டுவது மொத்த மின்னூட்டத்தை அல்ல. மின்னழுத்தம் சிறிது மாறும்போது மின்னூட்டம் எவ்வளவு மாறுகிறது என்னும் வீதத்தையே காட்டுகிறது. ஆகவே கேட்க வேண்டியது "மின்னூட்டம் எங்கே இருக்கிறது?" என்பதன்று, "கூடுதலாக வரும் துளி எங்கே போய்ச் சேருகிறது?" என்பதே.

1 மெகாஹெர்ட்ஸில் ஒரு சுழற்சி ஒரு மைக்ரோ விநாடி. விநாடிக்கு 15 கோடி என்றால் அதற்குள் 150 எலக்ட்ரான் பிறக்கும். 10 மில்லிவோல்ட் ஆட்டத்துக்கு 345 பிகோஃபாரட் ஈடுகொடுக்க வேண்டுமானால் தேவை 2 கோடிக்கு மேல். ஆகவே பரப்பில் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கை அந்தச் சுழற்சியில் உறைந்ததுபோல நிற்கிறது. ஆட்டத்துக்குப் பதில் சொல்வது 0.3 மைக்ரான் ஆழத்தில், டிப்ளீஷனின் விளிம்பில் இருக்கும் துளைகள் மட்டுமே. ஆக்சைடின் 345-உம் டிப்ளீஷனின் 34-உம் தொடரிணைப்பில் அமைகின்றன. விடை 31. நீங்கள் அளந்த எண்ணே.

ஒரு சுழற்சிக்கு எலக்ட்ரான் பிறக்கவும் மறையவும் போதிய நேரம் தந்தால் கூடுதல் துளி பரப்பிலேயே சேரும். அப்போது 345-க்கு ஏறும். அறை வெப்பநிலையில் நல்ல சிலிக்கானுக்கு அதற்கு ஒரு ஹெர்ட்ஸுக்கும் கீழே போகவேண்டியிருக்கும். ஏசி முறையில் அவ்வளவு கீழே அளப்பது வதை. எனவே டிசியை மெல்ல ஏற்றிக்கொண்டே கரன்டை அளக்கும் குவாசி-ஸ்டேட்டிக் முறைக்குப் போகிறார்கள்.

சுற்றுவழி:
கொஞ்சம் இருங்கள். நான் ஐசி டிசைன் ஆள். என்மாஸ் டிரான்சிஸ்டரின் சோர்ஸ், டிரெயின், பல்க் மூன்றையும் சேர்த்துக் கட்டி, கேட்டை ஒரு முனையாக வைத்து டீகப்ளிங் கேபாசிட்டராக (சப்ளை வோல்டேஜ் ஆடாமல் தாங்குவதற்கு) நாங்கள் தினமும் பயன்படுத்துகிறோம். சிமுலேஷனில் பார்த்தாலும் சில்லில் அளந்தாலும் 1 மெகாஹெர்ட்ஸ் இல்லை, நூற்றுக்கணக்கான மெகாஹெர்ட்ஸிலும் இன்வர்ஷனில் முழு ஆக்சைடு கேபாசிட்டன்ஸ் கிடைக்கிறது. ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும் என்றால் எங்கள் சப்ளை லைன் எப்போதோ செத்திருக்கும்!

பழைய உலை:
உங்கள் சாதனத்தில் எலக்ட்ரான் பிறக்க வேண்டியதில்லை, பக்கத்திலேயே இருக்கிறது. சோர்ஸும் டிரெயினும் என்-பிளஸ், எலக்ட்ரான் நிறைந்த பகுதிகள். கேட் ஏறியதும் அங்கிருந்து எலக்ட்ரான் பக்கவாட்டில் சேனலுக்குள் ஓடி வந்துவிடும். தூண்டிலின் புள்ளிக்கு அப்படி வாசலே இல்லை. ஆக்சைடும் சிலிக்கானும் ஒன்றேதான், எலக்ட்ரான் வரும் வழிதான் வேறு.

சுற்றுவழி:
அது சரி. அப்படியானால் எங்கள் பக்கம் எல்லை வைப்பது பக்கவாட்டில் ஓடும் நேரம். சேனல் நீளத்தின் வர்க்கத்தை மொபிலிட்டியாலும் (எலக்ட்ரானின் நகர்திறன்) ஓவர்டிரைவ் வோல்டேஜாலும் (சேனல் உருவாகத் தேவையானதற்கு மேல் கேட்டில் இருப்பது) வகுத்தால் தோராயமாகக் கிடைக்கும். 1 மைக்ரான் நீளம், மொபிலிட்டி 400, ஓவர்டிரைவ் 1 வோல்ட் என்றால் 25 பிகோ விநாடி. யாராவது இடத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று 100 மைக்ரான் நீளத்தில் ஒரே கட்டையாகப் போட்டால் 10,000 மடங்கு, 250 நானோ விநாடி. லேஅவுட்டில் பார்க்கக் கேபாசிட்டர் பெரிதாக இருக்கும், வேகமான ஸ்பைக் வரும்போது ஓரம் மட்டும்தான் வேலை செய்யும். டீகப்ளிங் செல்லைக் குட்டைக் குட்டை விரல்களாகப் பிரித்துப் போடச் சொல்வது இதற்காகத்தான். புதிதாக வருகிறவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது.

குறும்பன்:
13 பிகோஃபாரட் பற்றி யாருமே பேசவில்லையே. அதுதான் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது.

பழைய உலை:
அது டீப் டிப்ளீஷன். இந்த இழையில் எனக்குப் பிடித்த பகுதியும் அதுதான்.

டிசியை வேகமாக ஏற்றினால் எலக்ட்ரான் பிறக்க அவகாசமில்லை. ஆனால் கேட்டில் மின்னூட்டம் ஏறிவிட்டது, சிலிக்கான் உடனே பதில் சொல்லியாக வேண்டும். கையில் இருக்கும் ஒரே வழி இன்னும் ஆழமாகத் துளைகளைத் தள்ளுவது. சமநிலையில் 0.30 மைக்ரானில் நின்றிருக்க வேண்டிய டிப்ளீஷன் 0.78 மைக்ரான் வரை போகிறது. அலுமினிய கேட் என்பதால் உங்கள் ஃப்ளாட்பேண்ட் (சிலிக்கானில் மின்புலமே இல்லாத கேட் வோல்டேஜ்) −0.9 வாக்கில் இருக்கும். அங்கிருந்து எண்ணினால் +4 என்பது ஏறக்குறைய 5 வோல்ட். அந்தக் கணத்தில் இந்த 5-இல் 4.6 வோல்ட் சிலிக்கான் மேல் விழுகிறது, ஆக்சைடுக்கு மிஞ்சுவது 0.4 வோல்ட்கூட இல்லை. கேபாசிட்டன்ஸ் 13.

ஒரு நிமிடம் கழித்துப் பாருங்கள். எலக்ட்ரான்கள் வந்து சேர்ந்ததும் சிலிக்கான் மேல் 0.7 வோல்ட், ஆக்சைடு மேல் 4.3 வோல்ட். அப்படியே தலைகீழ். கேட்டில் நீங்கள் கை வைக்கவே இல்லை, அதே +4 தான். ஆக்சைடுக்குள் மின்புலம் செ.மீ.க்கு 4 லட்சம் வோல்ட்டுக்குக் கீழே இருந்தது, 43 லட்சம் வோல்ட்டுக்கு ஏறிவிட்டது. மெல்லிய ஆக்சைடில் வேகமாக ஸ்வீப் செய்து "தாங்கியது" என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும். டீப் டிப்ளீஷனில் ஆக்சைடு சோதிக்கப்படவே இல்லை.

ஓம்விதி:
சொட்டு நீரில் தொட்டி நிரம்புவது மாதிரி என்று வைத்துக்கொள்ளலாமா?

பழைய உலை:
வைத்துக்கொள்ளலாம், ஒரு திருத்தத்தோடு. தொட்டி நிரம்ப நிரம்பச் சொட்டும் குறையும். எலக்ட்ரான் சேரச் சேர டிப்ளீஷன் சுருங்குகிறது, ஜோடி பிறக்கும் இடமே குறைகிறது. அதனால் ஏற்றம் கடைசியில் மந்தமாகும். இந்த வளைவை வைத்து லைஃப்டைமைக் கணக்கிடும் முறைக்கு ஸெர்ப்ஸ்ட் ப்ளாட் என்று பெயர், 1966-இலிருந்து இருக்கிறது. தூண்டில், நீங்கள் "கெட்டுவிட்டதா" என்று கேட்ட அந்த ஏற்றத்தை ஒரு கோப்பில் சேமித்து வையுங்கள். உங்கள் உலை எவ்வளவு சுத்தம் என்று அதுவே சொல்லிவிடும். இரும்பு, செம்பு மாதிரி மாசு கொஞ்சம் கலந்தாலும் அந்த நேரம் சட்டென்று குறையும்.

முடிவிலி:
விளக்கு பற்றியும் ஒரு சொல். ஒளி சிலிக்கானில் ஜோடிகளை நேரடியாக உருவாக்குகிறது, வெப்பத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே டீப் டிப்ளீஷன் தோன்றுவதற்கு முன்பே படலம் நிரம்பிவிடுகிறது. ஹை-ஃப்ரீக்வென்சி வளைவை ஒழுங்காக எடுக்கச் செய்யும் வழக்கம் இது: +4-இல் வைத்து விளக்கைச் சில விநாடி எரியவிட்டு, அணைத்து, எண் நிலைபெற்ற பின் இருட்டில் நெகட்டிவ் பக்கம் நோக்கி ஸ்வீப் செய்வது. விளக்கு எரியும்போதே அளந்தால் குறைந்தபட்ச மதிப்பு சற்று உயர்ந்து தெரியும். அதிலிருந்து டோப்பிங்கைக் கணக்கிட்டால் பிழையாகும்.

சுற்றுவழி:
த்ரெஷோல்டு (இன்வர்ஷன் தொடங்கும் இடம்) பற்றி ஒரு சந்தேகம். பரப்பு மின்னழுத்தம் ஃபெர்மி மின்னழுத்தத்தின் (டோப்பிங்கைப் பொறுத்த ஒரு மதிப்பு) இரு மடங்கைத் தொட்டால் இன்வர்ஷன் என்கிறோம். இந்த டோப்பிங்குக்கு 0.71 வோல்ட். அந்த இடத்தில் உண்மையிலேயே ஏதாவது "ஆன்" ஆகிறதா?

முடிவிலி:
இல்லை, அது ஒரு வசதியான வரையறை. அந்தப் புள்ளியில் பரப்பின் எலக்ட்ரான் அடர்த்தி, பல்க்கின் துளை அடர்த்திக்குச் சமம். அவ்வளவுதான். அடர்த்தி சமமானாலும் எலக்ட்ரான் படலம் மிக மெல்லியது, சில நானோமீட்டர் மட்டுமே. டிப்ளீஷனோ 300 நானோமீட்டர். ஆகவே த்ரெஷோல்டில் இன்வர்ஷன் மின்னூட்டத்தைக் கணக்கிட்டால் டிப்ளீஷன் மின்னூட்டத்தில் 2 விழுக்காடு அளவுக்கே வருகிறது. "ஆன்" ஆன அன்றைக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

அதன் பிறகுதான் விறுவிறுப்பு. பரப்பு மின்னழுத்தம் சற்றே கூடினாலும் எலக்ட்ரான் அடுக்குக்குறி வேகத்தில் பெருகுகிறது. வலுவான இன்வர்ஷனில் பரப்பு மின்னழுத்தம் 120 மில்லிவோல்ட் கூடினால் மின்னூட்டம் பத்து மடங்கு. கேட்டில் நீங்கள் ஏற்றும் வோல்ட்டெல்லாம் ஆக்சைடு மேலேயே விழுவதற்கும், டிப்ளீஷன் அகலம் 0.3 மைக்ரானில் ஆணி அடித்ததுபோல நிற்பதற்கும் காரணம் அதுவே. த்ரெஷோல்டுக்கு மேல் ஒரு வோல்ட்டுக்கு ச.செ.மீ.க்கு 2.2 × 10¹² எலக்ட்ரான், நேர்கோட்டில்.

பழைய உலை:
மெல்லிய ஆக்சைடுக்கு வந்தால் அந்த "சில நானோமீட்டர்" தொல்லை கொடுக்கும். குவாண்டம் கணக்கில் எலக்ட்ரான்களின் மையம் பரப்பிலிருந்து ஒரு நானோமீட்டர் தள்ளியே நிற்கிறது, அது ஆக்சைடில் 0.3 நானோமீட்டர் கூடியதற்குச் சமம். 10 நானோமீட்டர் ஆக்சைடுள்ள தூண்டிலுக்கு இது கவலையில்லை. 1.2 நானோமீட்டர் ஆக்சைடு வைத்திருந்தவர்களுக்கு அது கால்பங்கு. பாலிசிலிக்கான் கேட்டும் தன் பங்குக்குக் கொஞ்சம் டிப்ளீட் ஆகும். 2007-இல் இன்டெல் 45 நானோமீட்டரில் ஹாஃப்னியம் ஆக்சைடுக்கும் மெட்டல் கேட்டுக்கும் போனதில் கசிவு பாதிக் காரணம் என்றால், பாலிசிலிக்கானின் இந்த டிப்ளீஷன் மீதி.

தூண்டில்:
எல்லாருக்கும் நன்றி. ஒன்று பாக்கி: நெகட்டிவ் பக்கம் 345 வரவேண்டிய இடத்தில் 290. ஆக்சைடு 12 நானோமீட்டராக வளர்ந்துவிட்டதா? எலிப்சோமீட்டர் (ஒளியால் தடிமன் அளக்கும் கருவி) 10 என்றுதான் சொல்கிறது.

ஓம்விதி:
சீரீஸ் ரெசிஸ்டன்ஸ். 1 மெகாஹெர்ட்ஸில் 345 பிகோஃபாரட்டின் ரியாக்டன்ஸ் 460 ஓம். வழியில் 200 ஓம் இருந்தால் பேரலல் மோடில் அளவி 290 காட்டும். கணக்குச் சரியாக உட்காருகிறது. 100 கிலோஹெர்ட்ஸில் அளந்து பாருங்கள், அரை விழுக்காடுகூடக் குறையாது. வேஃபரின் அடிப்பக்கம் என்ன செய்தீர்கள்?

தூண்டில்:
எதுவும் செய்யவில்லை, அப்படியே சக்கில் (வேஃபரைத் தாங்கும் உலோக மேடை) வைத்தேன்.

பழைய உலை:
அதுதான். உலையில் ஆக்சைடு இரண்டு பக்கமும் வளரும். அடிப்பக்கத்து ஆக்சைடை ஹெச்எஃப்-இல் (ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம்) எடுத்துவிட்டு, அலுமினியம் பூசி, ஃபார்மிங் கேஸில் (நைட்ரஜனில் கொஞ்சம் ஹைட்ரஜன் கலந்தது) 400 முதல் 450 டிகிரி வரை அனீல் செய்யுங்கள். காண்டாக்டும் சரியாகும், ஹைட்ரஜன் போய் இன்டர்ஃபேஸ் ட்ராப்களையும் அடைத்துவிடும். முன்பக்கத்தை ரெசிஸ்ட் பூசிக் காப்பாற்றிவிட்டு ஹெச்எஃப் பக்கம் போங்கள். கையுறையையும் முகக் கவசத்தையும் நான் சொல்லித்தான் போடவேண்டும் என்றில்லை.

குறும்பன்:
ட்ராப் என்றால் என்ன மாற்றம் தெரியும்? எல்லாரும் அதைப் பற்றியே எழுதுகிறார்கள்.

முடிவிலி:
ட்ராப் என்பது ஆக்சைடும் சிலிக்கானும் சேரும் இடத்தில் மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் குறைபாடு. பரப்பு மின்னழுத்தம் நகரும்போது ட்ராப்களும் நிரம்பும், காலியாகும். கேட் கொடுக்கும் மின்னூட்டத்தில் ஒரு பங்கை அவை விழுங்கிவிடுவதால், அதே அளவு நகர்த்த கூடுதல் வோல்ட் தேவைப்படுகிறது. வளைவு பக்கவாட்டில் இழுபட்டுத் தெரியும். 1962-இல் டெர்மன் இந்த இழுபறியிலிருந்தே ட்ராப் அடர்த்தியைக் கணக்கிட்டார். ஃபிக்ஸட் சார்ஜோ (ஆக்சைடில் மாறாமல் நிற்கும் மின்னூட்டம்) வளைவின் வடிவத்தைத் தொடாமல் முழுதாக இடம்பெயர்த்துவிடும். உங்கள் ஆக்சைடுக்கு ச.செ.மீ.க்கு 10¹¹ பாசிட்டிவ் மின்னூட்டம் என்றால் 46 மில்லிவோல்ட் இடப்பக்கம்.

தூண்டில்:
அடிப்பக்கம் சரிசெய்து மறுபடி அளந்தாயிற்று. 100 கிலோஹெர்ட்ஸில் 344. இருட்டில், சக்கை 100 டிகிரிக்குச் சூடாக்கி +4-க்கு ஒரே தாவலில் போனால், ஒரு நிமிட ஏற்றம் ஒரு விநாடிக்குள் முடிந்துவிடுகிறது. பார்க்கவே ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் +3-ஐ அதே சூட்டில் சில நிமிடம் வைத்து, குளிரவைத்து அளந்தால் வளைவு முழுவதும் 45 மில்லிவோல்ட் இடப்பக்கம் நகர்ந்திருக்கிறது. −3-ஐ வைத்துச் சூடாக்கினால் பழைய இடத்துக்கே திரும்புகிறது.

பழைய உலை:
சூட்டில் விரைவது இன்ட்ரின்சிக் அடர்த்தியால். அறை வெப்பநிலைப் பக்கம் ஒவ்வொரு 9 டிகிரிக்கும் அது இரட்டிப்பாகும், 100 டிகிரிக்கு ஏறக்குறைய நூறு மடங்கு.

நகர்வு சோடியம். பாசிட்டிவ் கேட் வைத்து இடப்பக்கம் போனால் ஆக்சைடுக்குள் பாசிட்டிவ் அயனிகள் சிலிக்கான் பக்கம் நகர்ந்திருக்கின்றன. சிலிக்கானிலிருந்து எலக்ட்ரான் புகுந்து மாட்டிக்கொண்டிருந்தால் வலப்பக்கம் போயிருக்கும். கேட்டை நெகட்டிவாக்கிச் சூடாக்கினால் திரும்பிவருவதும் அயனிக்கே உரியது. உங்கள் 45 மில்லிவோல்ட்டுக்கு ச.செ.மீ.க்கு 10¹¹ அயனி, அதாவது பரப்பில் ஏழாயிரம் சிலிக்கான் அணுவுக்கு ஒன்று. அவ்வளவு போதும்.

1960-களின் தொடக்கத்தில் மாஸ் டிரான்சிஸ்டரை ஆட்டம் காணவைத்தது இதுவேதான். ஃபேர்சைல்டில் ஸ்னோ, க்ரோவ், டீல், சா நால்வரும் 1965-இல் வெளியிட்ட ஆய்வு, ஆல்கலி அயனிகள்தான் ஆக்சைடுக்குள் ஓடுகின்றன என்று இதே மாதிரி கேபாசிட்டர் புள்ளிகளை வைத்துக் காட்டியது. வியர்வையில் சோடியம், கண்ணாடியில் சோடியம், டங்ஸ்டன் இழையில் சோடியம். இழையைச் சூடாக்கி அலுமினியம் பூசுகிறீர்களா? அப்படியானால் முதலில் அங்கே பாருங்கள். எலக்ட்ரான் பீம் எவாப்பரேட்டர் கிடைத்தால் அதற்கு மாறுங்கள், எக்ஸ்-ரே சேதத்தைப் பிறகு அனீல் பார்த்துக்கொள்ளும்.

குறும்பன்:
இப்படிக் காலியாக நிற்கும் டீப் டிப்ளீஷனால் யாருக்காவது பிரயோஜனம் உண்டா, அல்லது அளக்கிறவனைக் குழப்பத்தானா?

சுற்றுவழி:
சிசிடி (கேமராவில் படம் பிடிக்கும் சில்லு) முழுக்க அதுதானே! 1969-இல் பெல் லேப்ஸில் பாய்லும் ஸ்மித்தும் செய்தது, வரிசையாக மாஸ் கேபாசிட்டர்களை வைத்து, டீப் டிப்ளீஷனில் திறந்த பள்ளங்களில் மின்னூட்டத்தைப் பிடித்து, கேட் வோல்டேஜை மாற்றி மாற்றி ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தள்ளுவது. 2009 நோபல் பரிசில் பாதி இவர்களுக்கு. வெளிச்சம் உருவாக்கிய எலக்ட்ரான்தான் படம். தூண்டிலின் விநாடிக்கு 15 கோடியோ டார்க் கரன்ட், படத்தில் வெறும் அழுக்கு. வானியல் கேமராக்களைக் குளிரவைப்பது அதைக் குறைக்கத்தான்.

டீரேமும் (கணினியின் நினைவகச் சில்லு) சொந்தக்காரன். டென்னார்ட் 1968-இல் காப்புரிமை வாங்கிய ஒரு டிரான்சிஸ்டர், ஒரு கேபாசிட்டர் செல். பழைய பிளேனர் செல்களில் அந்தக் கேபாசிட்டரே மாஸ்தான். காலியாக இருக்கவேண்டிய பள்ளம் வெப்பத்தால் நிரம்பினால் பிட் கெட்டுவிடும். இன்றைய செல்லில் மாஸ் இல்லை, உலோகத் தகடுகளுக்கு நடுவில் மின்கடத்தாப் பொருள். ஆனாலும் டிரான்சிஸ்டர் ஜங்ஷனில் அதே ஜெனரேஷன் கசிகிறது. வழக்கமாக 64 மில்லி விநாடிக்கு ஒருமுறை ரிஃப்ரெஷ், 85 டிகிரி தாண்டினால் பாதி நேரத்தில்.

தூண்டில்:
குவாசி-ஸ்டேட்டிக் எடுக்கப்போகிறேன். ரேம்ப் எவ்வளவு வைக்கலாம்?

ஓம்விதி:
விநாடிக்கு 50 மில்லிவோல்ட் வைத்தால் 345 பிகோஃபாரட்டுக்கு 17 பிகோஆம்ப் வேண்டும். உங்கள் விநாடிக்கு 15 கோடி எலக்ட்ரான் என்பதே 24 பிகோஆம்ப், அதுவும் டிப்ளீஷன் அகன்றிருக்கும்போது. சமநிலைக்குப் பக்கத்தில் அவ்வளவு கிடைக்காது. 10 மில்லிவோல்ட்டுக்கு இறக்குங்கள், தேவை 3.5 பிகோஆம்ப். இறக்கினால் கேபிள் கசிவும் சிக்னலும் ஒரே அளவுக்கு வரும், எனவே டிரைஆக்ஸ் (கசிவைத் தடுக்கும் இரட்டைக் கவசக் கேபிள்), இருட்டுப் பெட்டி, பொறுமை. இரண்டு திசையிலும் ஓட்டி, வளைவுகள் ஒன்றின்மேல் ஒன்று உட்காருகிறதா பாருங்கள். உட்காரவில்லை என்றால் வேகம் இன்னும் அதிகமாகவே இருக்கிறது என்று அர்த்தம்.

தூண்டில்:
செய்கிறேன். கடைசியாக ஒரு விசித்திரம். அதே வேஃபரில் ஓரமாக இருக்கும் ஒரு புள்ளி மட்டும் 100 கிலோஹெர்ட்ஸில் இருட்டிலேயே பாசிட்டிவ் பக்கம் மேலே ஏறுகிறது, 31-இலிருந்து 70 வரை. சோர்ஸும் இல்லை, டிரெயினும் இல்லை.

பழைய உலை:
புள்ளிக்கு வெளியே, அலுமினியம் இல்லாத ஆக்சைடுக்கு அடியிலும் இன்வர்ஷன் இருக்கலாம். உங்கள் த்ரெஷோல்டு 0 பக்கத்தில் நிற்கிறது. வெளியே ஆக்சைடில் கொஞ்சம் பாசிட்டிவ் மின்னூட்டம் கூடுதலாக இருந்தால் பி-டைப் பரப்பு தானாகவே இன்வர்ட் ஆகிவிடும். அப்புறம் அந்தப் பரப்பு முழுவதும் புள்ளிக்கு ஒரு சோர்ஸ் மாதிரி, எலக்ட்ரான் பக்கவாட்டில் உள்ளே வரும், வெளியே போகும். ஓரம் என்றால் இடுக்கி பிடித்த இடம், சோடியத்துக்கும் வாய்ப்பு அதிகம்.

சரிபார்க்க, ஃப்ரீக்வென்சியை 10 கிலோ, 100 கிலோ, 1 மெகா என்று மாற்றுங்கள். மேலே போகப் போக ஏற்றம் படிப்படியாகக் குறைந்தால் பக்கவாட்டு ஓட்டம்தான். அடுத்த மாஸ்க்கில் புள்ளியைச் சுற்றி, சின்ன இடைவெளி விட்டு, ஒரு அலுமினிய வளையம் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு −3 வோல்ட் கொடுத்து அக்யுமுலேஷனில் வைத்தால் அந்த வழி அடைபட்டுவிடும்.

தூண்டில்:
1 மெகாவில் 38, 10 கிலோவில் 190. வளையத்தோடு மாஸ்க் வரைகிறேன்.